நாயைக் குளிப்பாட்டி மூன்றே நாளில் மறுபடி பிசுக்கு, இரவெல்லாம் சொறிகிறான்: என்னதான் செய்வது?

யூனிட்ஏழு | திங்கள், இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கிறேன். எங்கள் நாய் ரோஜருக்கு ஆறு வயது. தாய் காக்கர் ஸ்பானியல், தகப்பன் யாரென்று பக்கத்துத் தெருவுக்குத்தான் தெரியும். டிசம்பர் கடைசியிலிருந்து அவன் முடி முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. தடவிக் கொடுத்துவிட்டுக் கையை மோந்து பார்த்தால், பஜ்ஜி சுட்ட சட்டியை மூன்று நாள் கழுவாமல் வைத்தால் ஒரு சிக்கு வாடை வருமே, அதேதான். சோஃபாவில் அவன் படுக்கிற மூலை கறுத்தே போய்விட்டது. இரவில் கழுத்துச் சங்கிலி கலகலவென்று ஆடிக்கொண்டே இருக்கிறது, சொறிகிறான், பாதத்தை நக்குகிறான், மறுபடி சொறிகிறான், வீட்டில் யாரும் ஒழுங்காகத் தூங்கி மூன்று வாரம் ஆகிறது.

நான் செய்தது இதுதான். வாரம் இரண்டு முறை குளியல். முதலில் மகளுடைய ஷாம்பு, அதில் பிசுக்கு போகவில்லை என்று பாத்திரம் கழுவும் திரவம். குளித்த அன்று பஞ்சு மாதிரி இருக்கிறான், மறுநாள் பொடுகு மாதிரி வெள்ளைச் செதில் கொட்டுகிறது, மூன்றாம் நாள் பழையபடி பிசுபிசுப்பு. மாமியார் வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அங்கிள் வடிகாலுக்கு ஊற்றுவோமே, தண்ணீரில் கலந்தால் பால் மாதிரி வெளுக்கிற கறுப்பு மருந்து, அதை ஒரு மூடி வாளியில் ஊற்றிக் குளிப்பாட்டச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மூன்றுநாய்_வீடு | திங்கள், இரவு 10.31

அந்தக் கறுப்பு மருந்தை மட்டும் தொடாதீர்கள் தம்பி. எங்கள் தகப்பனார் காலத்தில் நாய்க்கு உண்ணி வந்தால் அதுதான் வைத்தியம், எனக்கும் அது தவறென்று தெரியாது, என் பழைய நாய்க்கு ஊற்றியிருக்கிறேன். சொறிந்து புண்ணான தோலில் பட்டதும் அது ஊளையிட்டதை இன்னும் மறக்க முடியவில்லை. வயிற்றுப் பக்கம் தோல் உரிந்து இரண்டு வாரம் ஆயிற்று ஆறுவதற்கு. வீட்டில் பூனை இருந்தால் இன்னும் ஆபத்து.

மிட்ராண்ட்_மதுரைக்காரன் | திங்கள், இரவு 11.02

எங்கள் லாப்ரடாருக்கும் இதே கதைதான், ஆனால் இங்கே மேட்டு நிலம், குளிர்காலத்தில் காற்று வறண்டு கிடக்கும், அதனால் பிசுக்கு குறைவு, செதில்தான் அதிகம். தானியம் இல்லாத நாய் உணவு வாங்கிப் போடுங்கள், எல்லாம் அந்தக் கோதுமை செய்கிற வேலை என்று இணையத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

ஊசிக்காரி | செவ்வாய், காலை 6.20

வேலைக்குக் கிளம்பும் முன் எழுதுகிறேன், இரவு விரிவாக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை, கால்நடை மருத்துவமனையில் பதினொரு வருடமாக உதவியாளர். அதற்குள் இந்தக் கேள்விகளுக்குப் பதில் போட்டு வையுங்கள்.

அதிகம் சொறிவது எங்கே? வாலடி, பின் முதுகு, பின்தொடையா? இல்லை, பாதம், அக்குள், அடிவயிறு, காது, மூஞ்சியா? காதைத் திறந்து மோந்து பார்த்தீர்களா? போன வருடமும் இதே மாதத்தில் வந்ததா? கடைசியாகத் தெள்ளுப்பூச்சி மாத்திரை கொடுத்தது எப்போது? வீட்டில் மனிதர்களுக்கு யாருக்காவது இடுப்பில், கையில் அரிப்பு உண்டா? எடை கூடியிருக்கிறானா, முன்னைவிட மந்தமாக இருக்கிறானா?

இன்னொன்று. இன்று இரவே ஒரு பேன் சீப்பை எடுத்து வாலடியில் நன்றாக வாருங்கள். சீப்பில் மிளகுத் தூள் மாதிரி கறுப்பாக ஏதாவது வந்தால் அதை நனைத்த வெள்ளைக் காகிதத் துண்டில் கொட்டி விரலால் தேய்த்துப் பாருங்கள். மண்ணாக இருந்தால் மண்ணாகவே இருக்கும். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு, அதாவது உங்கள் நாயின் ரத்தம்.

டோங்காட்_வாத்தியார் | செவ்வாய், காலை 9.45

வயதானவன் ஒரு வார்த்தை சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. நாங்கள் கரும்புத் தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்கள். அப்போது வீட்டுக்கு நான்கு நாய், எதற்கும் ஷாம்பு கிடையாது. சொறி வந்தால் வேப்பிலையை அரைத்து மஞ்சளோடு பூசி வெயிலில் கட்டிப் போடுவோம், மறுநாள் சீயக்காய் போட்டுத் தேய்த்துவிடுவோம். எங்கள் ஆயா இறக்கும் வரை சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் அவருக்கும் உண்டு, வாசலில் கிடந்த நாய்க்கும் உண்டு. இப்போது எதற்கெடுத்தாலும் ஊசி, மாத்திரை, ஆயிரக்கணக்கில் ராண்ட்.

யூனிட்ஏழு | செவ்வாய், இரவு 8.10

அக்கா, நீங்கள் சொன்ன காகிதச் சோதனை செய்தேன். சிவந்தது. மகள் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். தெள்ளுப்பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையே, எப்படி?

மற்ற கேள்விகளுக்குப் பதில்: வாலடியிலும் சொறிகிறான், ஆனால் அதைவிடப் பாதம், அக்குள், கழுத்தின் கீழ்ப் பக்கம்தான் அதிகம். கழுத்துக்கு அடியில் தோல் தடித்துக் கறுத்து யானைத் தோல் மாதிரி மடிந்து கிடக்கிறது. பாத இடுக்கில் வெள்ளை முடியெல்லாம் துருப்பிடித்த நிறம். காதைத் திறந்தேன், மூடிவிட்டேன், அவ்வளவு நாற்றம். போன மார்ச்சிலும் கொஞ்சம் இருந்தது, குளிர்காலம் வந்ததும் தானாகக் குறைந்தது. மாத்திரை கொடுத்து ஏழெட்டு மாதம் இருக்கும். வீட்டில் வேறு யாருக்கும் அரிப்பு இல்லை. எடை எப்போதும் போலத்தான், துறுதுறுப்பாகத்தான் இருக்கிறான்.

ஊசிக்காரி | செவ்வாய், இரவு 9.55

பிள்ளைகள் தூங்கியாயிற்று, இப்போது நிதானமாக எழுதுகிறேன், நீளமாக இருக்கும்.

முதலில், அந்தப் பிசுக்கு வெளியிலிருந்து ஒட்டியது இல்லை. அதை அழுக்கு என்று நினைத்துத்தான் பலரும் மேலும் மேலும் காரமான சோப்பைத் தேடிப் போகிறார்கள். தோல் எதனாலாவது வீங்கிச் சிவந்தால் எண்ணெய்ச் சுரப்பிகள் அளவுக்கு மீறிச் சுரக்கும், செதிலும் அவசரமாக உதிரும். எல்லா நாயின் தோலிலும் மலசீசியா என்று ஒரு ஈஸ்ட் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது, அதற்குப் பிடித்த சாப்பாடு எண்ணெய். எண்ணெயும் சூடும் ஈரமும் ஒன்றாகக் கிடைத்தால் பெருகிவிடும். டர்பன் கோடையில், சனவரி, பிப்ரவரியில் துவைத்த துணியே காய மாட்டேன் என்கிறது, அக்குளும் பாத இடுக்கும் எப்படிக் காயும்? ஈஸ்ட் பெருகினால் அரிப்பு, சொறிந்தால் தோல் இன்னும் வீங்கும், இன்னும் எண்ணெய். நீங்கள் சொல்கிற சிக்கு வாடை, கறுத்துத் தடித்த கழுத்து, துரு நிறப் பாதம், நாறுகிற காது, எல்லாமே அதைத்தான் காட்டுகின்றன. ஆனால் பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்யக் கூடாது. கண்ணாடிப் பட்டை மாதிரி ஒட்டும் டேப்பைத் தோலில் ஒட்டி எடுத்துச் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், பத்து நிமிட வேலை. ஈஸ்ட் நிலக்கடலை வடிவில் தெரியும், பாக்டீரியா இருந்தால் அதுவும் தெரியும். அந்தச் சோதனை செய்யாமல் எந்த மருந்தும் வாங்காதீர்கள், கேட்டு வாங்கிச் செய்யச் சொல்லுங்கள்.

ஆனால் ஈஸ்ட் தானாக வருவதில்லை, அதற்கு வழி விட்டது வேறு ஏதோ ஒன்று. காக்கர் ஸ்பானியல் வம்சத்திலேயே எண்ணெய்த் தோல் உண்டு, அது ஒரு காரணம். தெள்ளுப்பூச்சி உறுதியாகிவிட்டது, அது இன்னொன்று. பாதம், அக்குள், காது, கோடையில் கூடிக் குளிர்காலத்தில் குறைவது, இதெல்லாம் மகரந்தம், தூசிப் பூச்சி, புல் இவற்றுக்கு வரும் ஒவ்வாமையின் குணம். வீட்டில் யாருக்கும் அரிப்பு இல்லையென்றால் மனிதருக்கும் தொற்றுகிற அந்தச் சொறிப்பூச்சிக்கு வாய்ப்புக் குறைவு, ஆனாலும் மருத்துவர் தோலைச் சுரண்டிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

பூச்சி ஏன் கண்ணில் படவில்லை என்று கேட்டீர்கள். வளர்ந்த பூச்சி மொத்தத்தில் சுமார் ஐந்து சதவீதம்தான் நாயின் மேல், மற்ற தொண்ணூற்றைந்தும் முட்டையாக, புழுவாக, கூடாக உங்கள் சோஃபாவிலும் கார்ப்பெட்டிலும். அதுவும் நாய் சொறிந்து கடித்து இருக்கிற கொஞ்சத்தையும் விழுங்கிவிடும். ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடி போதும். கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் காத்திருந்து வெளியே வரும், அதனால் மாத்திரையை ஒரு தடவை கொடுத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்லக் கூடாது, குறைந்தது மூன்று மாதம் விடாமல், வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும், அதற்கதற்கு உரிய மருந்தை. நாய்க்கு முதுகில் சொட்டுகிற பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்கு வைத்துவிடாதீர்கள், செத்துவிடும். நெக்ஸ்கார்ட் மாத்திரை மாதம் ஒருமுறை, பிராவெக்டோ மாத்திரை பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எது தோதோ அது. இந்த வகை மாத்திரை உண்ணியையும் கொல்லும், நம் ஊரில் மஞ்சள் உண்ணியால் வருகிற பிலியரி என்ற உண்ணிக் காய்ச்சல் எத்தனை நாயைக் கொண்டுபோகிறது என்று உங்களுக்கே தெரியும். ரோஜருக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மட்டும் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள், அப்படிப்பட்ட நாய்களுக்கு இதைக் கொடுக்கும் முன் யோசிக்க வேண்டும் என்று 2018-இல் அமெரிக்க மருந்துத் துறையே எச்சரித்திருக்கிறது.

வாத்தியார் ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் இந்தத் தோலுக்கு எண்ணெய் வேண்டாம். ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு போட்ட மாதிரி ஆகும்.

டோங்காட்_வாத்தியார் | செவ்வாய், இரவு 10.40

சரி அம்மா, எண்ணெயை விட்டுவிடுகிறேன். சீயக்காய் பிசுக்கை எடுக்காது என்று சொல்ல முடியுமா? உங்கள் தலைமுடியில் எடுக்கிறதே.

ஊசிக்காரி | செவ்வாய், இரவு 10.52

எடுக்கும் ஐயா, நன்றாகவே எடுக்கும். ஈஸ்ட்டை நம்பகமாகக் கொல்லும் என்று என்னால் சொல்ல முடியாது, என் பயமும் அதுதான், நாற்றம் ஒரு நாள் போய்விடும், குணமாகிவிட்டது என்று விட்டுவிடுவோம். அப்புறம் அந்தத் திப்பி முடிக்குள் புகுந்து காய்ந்துவிட்டால் அதுவே குத்தி அரிக்கும், கண்ணில் பட்டால் நாய் உங்களை ஒரு வாரத்துக்கு மன்னிக்காது. பிசுக்கு இல்லாத, புண் இல்லாத நாய்க்கு மெல்லிய துணியில் வடிகட்டிப் போடுங்கள், நான் தடுக்கவில்லை.

மரிட்ஸ்பர்க்_அக்கா | புதன், காலை 7.30

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. நாங்கள் புரட்டாசி முழுக்கச் சைவம், வீட்டுக்குள் முட்டைகூட வராது, நாய்க்கும் அந்த ஒரு மாதம் தயிர்ச் சோறு, பருப்பு, பூசணிக்காய். இரண்டு வருடமாகப் பார்க்கிறேன், புரட்டாசி மூன்றாம் வாரத்தில் அதன் காது வாடை குறைகிறது, பாதம் நக்குவது குறைகிறது. விரதம் முடிந்து கோழிக் கறி வந்ததும் பத்து நாளில் மறுபடி தொடங்கிவிடுகிறது. பெருமாள் நாய்க்கும் அருள் செய்கிறார் என்கிறார் என் வீட்டுக்காரர்.

மிட்ராண்ட்_மதுரைக்காரன் | புதன், காலை 8.05

அப்படியானால் கோதுமை இல்லையா? நான் தானியம் இல்லாத உணவுக்கு மாதாமாதம் அழுகிற பணத்துக்கு எங்கே போய்ச் சொல்வது?

ஊசிக்காரி | புதன், மதியம் 1.10

மதிய உணவு நேரம். அக்கா, நீங்கள் தெரியாமலேயே பாதிச் சோதனை செய்திருக்கிறீர்கள், எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள், இங்கே புரட்டாசி வருவது வசந்தத்தில், மகரந்தம் கிளம்புகிற நேரம். மகரந்த ஒவ்வாமை மட்டும் இருந்தால் அந்த மாதத்தில் கூடத்தானே வேண்டும்? குறைகிறது என்றால் சாப்பாட்டின் மேல் சந்தேகம் பலமாகிறது. ஆனால் ஒரு மாதம் போதாது, உணவுச் சோதனை என்றால் குறைந்தது எட்டு வாரம், அதுவும் ஒரே புரதம், இதுவரை சாப்பிடாதது, அல்லது மருத்துவர் தருகிற புரதத்தை உடைத்த உணவு. வேறு எதுவும் வாயில் படக் கூடாது, கறிச் சுவை போட்ட மாத்திரைகூட. எட்டு வாரம் முடிந்து பழைய சாப்பாட்டைப் போட்டு மறுபடி அரிப்பு வந்தால்தான் உறுதி. நாய்களுக்கு அதிகமாக ஒவ்வாத பொருள்கள் மாட்டிறைச்சி, பால் பொருள், கோழி, அதன்பிறகு கோதுமை. உங்கள் தயிர்ச் சோற்றில் தயிர் இருந்தும் குறைந்தது என்றால் கோழியைத்தான் நான் முதலில் பிடிப்பேன்.

மதுரைக்காரரே, நீங்கள் வாங்குகிற பையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள், தானியம் இருக்காது, கோழி முதல் வரியிலேயே இருக்கும்.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: மிச்சம் வைத்த பிரியாணியையும் கறிக் குழம்புச் சோற்றையும் நாய்க்குப் போடுவதை நிறுத்துங்கள். மிளகாய்க்காக மட்டும் சொல்லவில்லை, வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும்.

மிட்ராண்ட்_மதுரைக்காரன் | புதன், மதியம் 1.25

படித்தேன். முதல் வரி கோழி. இரண்டாம் வரி கோழிக் கொழுப்பு. பேசாமல் இருக்கிறேன்.

மூன்றுநாய்_வீடு | புதன், மாலை 5.50

செலவைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். எங்கள் நடு நாய்க்கு ஒரு இடத்தில் அரிப்புக்கு ஊசி போட்டார்கள், மறுநாளே நின்றது, கடவுளே என்று கும்பிட்டேன். ஆறு வாரத்தில் மறுபடி வந்தது, மறுபடி ஊசி. இப்படியே ஒன்றரை வருடம். டேப் ஒட்டிப் பார்க்கவில்லை, சுரண்டிப் பார்க்கவில்லை, தெள்ளு பற்றி ஒரு கேள்வி இல்லை. நாய் வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தது, வீட்டுக்குள்ளேயே மூத்திரம், வயிறு பானை மாதிரி, முதுகில் முடி மெலிந்துபோனது. வேறு மருத்துவர் பார்த்துவிட்டு இது ஸ்டீராய்டு செய்த வேலை என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். நாங்களாக ஒரேயடியாக நிறுத்தியிருந்தால் அதுவே ஆபத்தாம். இப்போது அரிப்புக்கு ஸ்டீராய்டு இல்லாத சைட்டோபாயிண்ட் ஊசி, சுமார் ஆறு வாரத்துக்கு ஒன்று. மலிவு இல்லைதான், ஆனால் நாய் நாயாக இருக்கிறது.

டோங்காட்_வாத்தியார் | புதன், மாலை 6.30

ஷாம்பு, குளியல் என்று தம்பி வாரம் இரண்டு முறை குளிப்பாட்டுகிறார். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் ஊர்த் தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமான பிறகு மாதக்கணக்கில் லாரித் தண்ணீரில்தான் குடும்பம் நடத்தினோம். இப்போதும் குழாய் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. நாய்க்கு எங்கே போவது? ஜோஜோ தொட்டியில் மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன், அது ஆகுமா?

ஊசிக்காரி | புதன், இரவு 9.15

மழைத் தண்ணீர் நன்றாகவே ஆகும் ஐயா, நுரையும் நன்றாக வரும். தண்ணீர் இல்லாத வாரத்துக்கு, இந்த ஷாம்புகளில் வருகிற க்ளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி மருந்து நுரையாகவும் ஈரத் துடைப்பானாகவும் கிடைக்கிறது, பாதம், அக்குள், தொடையிடுக்கு, கழுத்து மடிப்பு இந்த நான்கையும் தினம் துடைத்தாலே பாதிக் குளியல்.

இப்போது முறையான குளியலைச் சொல்கிறேன், ஏனென்றால் மருந்து சரியாக இருந்தும் பலர் கோட்டை விடுவது இங்கேதான். டேப்பில் ஈஸ்ட் என்று வந்தால் பெரும்பாலும் க்ளோர்ஹெக்சிடின் 2 சதவீதம், மைக்கோனசோல் 2 சதவீதம் சேர்ந்த ஷாம்பு எழுதுவார்கள், வாரம் இரண்டு முறை. பிசுக்கு மிக அதிகமென்றால் அதற்கு முன் எண்ணெய் எடுக்கிற ஷாம்பு ஒன்றை முதலில் போட்டுக் கழுவச் சொல்வார்கள், அப்போதுதான் மருந்து தோலைத் தொடும், இல்லையென்றால் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் ஊற்றிய மாதிரி மேலேயே ஓடிவிடும். பென்சாயில் பெராக்சைடு வகை எழுதினால் நல்ல துண்டை எடுக்காதீர்கள், வெளுத்துவிடும்.

வெந்நீர் கூடாது, அரிப்பைக் கூட்டும், கை பொறுக்கிற வெதுவெதுப்புக்கும் குறைவாக இருக்கட்டும். முதுகில் தொடங்காதீர்கள், எல்லோரும் முதுகில் ஊற்றி முதுகிலேயே தேய்க்கிறார்கள், வியாதி இருப்பது அடியில். பாத இடுக்கு, அக்குள், வயிறு, கழுத்தடி, வாலடி, அப்புறம் கடைசியாக முதுகு. தோலைத் தொடும் வரை விரலால் பிரித்துப் பிரித்துத் தடவுங்கள். பிறகு பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். கடிகாரத்தில் பார்த்துப் பத்து, மனக்கணக்கில் பத்து இல்லை, மனக்கணக்கில் எல்லோருக்கும் அது மூன்று நிமிடம்தான் வருகிறது. அந்த நேரம் நக்க விடாதீர்கள். கண்ணுக்குள் போகக் கூடாது. அலசுவதற்குத் தடவிய நேரத்தைவிட அதிக நேரம் வேண்டும், மிச்சம் நின்றால் அதுவே அரிப்பு. துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள், விரலிடுக்கைக் காய வையுங்கள். ஈரத்தோடு விட்டால் செய்த வேலையெல்லாம் வீண்.

தோல் புதிதாக மாற மூன்று வாரம் போல ஆகும், அதற்குள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். காதுக்கு இந்த ஷாம்பு இல்லை, அதற்குத் தனி மருந்து, செவிப்பறை முழுதாக இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்த பிறகுதான் எதையும் ஊற்ற வேண்டும். மனிதர் ஷாம்புவும் வேண்டாம், ஏனென்றால் நம் தோல் கொஞ்சம் அமிலம், நாயின் தோல் கிட்டத்தட்ட நடுநிலை. பாத்திரத் திரவத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, அந்த வெள்ளைச் செதிலே சொல்லிவிட்டது.

மரிட்ஸ்பர்க்_அக்கா | புதன், இரவு 9.40

ரூய்போஸ் தேநீர் ஆறவைத்து ஊற்றினால் அரிப்பு அடங்கும் என்கிறார்கள், அதுவும் டீ ட்ரீ எண்ணெய் இரண்டு சொட்டும்?

ஊசிக்காரி | புதன், இரவு 9.48

ரூய்போஸ் ஊற்றுங்கள், குளிர்ச்சியாக இருக்கும், கெடுதல் இல்லை, அதோடு சரி. டீ ட்ரீ எண்ணெய் வேண்டவே வேண்டாம். நேராகத் தடவி, நாய் நிற்க முடியாமல் தள்ளாடி நடுங்கியபடி எங்களிடம் தூக்கிக்கொண்டு வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

புல்வெட்டி | வியாழன், மாலை 4.15

நான் தோட்ட வேலைக்காரன். ஒன்று சொல்ல வேண்டும், வயிற்றில் மட்டும் சிவப்புத் தடிப்பு இருந்தால் வேலி ஓரம் படர்கிற கொடியைப் பாருங்கள், அந்த ஊதாத் தண்டுக் கொடி, நிழலில் பாய் விரித்த மாதிரி படருமே, பல நாய்க்கு அதில் படுத்தாலே வயிறு சிவந்துவிடும். அதைப் பிடுங்கிய பிறகு பாதி வாடிக்கையாளர் வீட்டில் நாய் சொறி குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். கிக்கூயு புல் வெட்டிய அன்றும் நாயை உள்ளே வையுங்கள்.

மிட்ராண்ட்_மதுரைக்காரன் | வெள்ளி, இரவு 10.20

எங்கள் லாப்ரடாரை இன்று காட்டினேன். தோல் சோதனையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் மருத்துவர் வாலைத் தூக்கிப் பார்த்து, முடி உதிர்ந்து எலி வால் மாதிரி இருக்கிறதே, சாப்பாடு கூட்டாமலே எடை கூடியதா, எப்போதும் படுத்தே கிடக்கிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம். வயதாகிவிட்டது என்று நினைத்திருந்தேன், அதற்கு எட்டு வயதுதான். தைராய்டு குறைவாக இருக்கலாம் என்று ரத்தம் எடுத்திருக்கிறார். ஒன்றரை வருடமாகச் சாப்பாட்டுப் பையை மாற்றி மாற்றி வாங்கினேன்.

ஊசிக்காரி | வெள்ளி, இரவு 10.35

அதனால்தான் எடையையும் மந்தத்தையும் முதல் நாளே கேட்டேன். தைராய்டு என்று உறுதியானால் மாத்திரை மலிவுதான், ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டும், தோலும் முடியும் தேற இரண்டு மூன்று மாதம் பொறுங்கள்.

யூனிட்ஏழு | பன்னிரண்டு நாள் கழித்து, ஞாயிறு

தாமதத்துக்கு மன்னிக்கவும். போன வாரம் காட்டினோம். டேப்பில் ஈஸ்ட் ஏராளம், பாக்டீரியாவும் இருக்கிறது. மருத்துவர் என்னையும் நுண்ணோக்கியில் பார்க்க விட்டார், ஊதா நிறத்தில் குட்டிக் குட்டி நிலக்கடலை, அக்கா சொன்ன மாதிரியேதான். இரண்டு காதிலும் அதுவே. ஷாம்பு, காது மருந்து, தெள்ளு மாத்திரை. தூக்கம் வேண்டும் என்று நாங்கள் கெஞ்சியதால் இரண்டு வாரத்துக்கு அரிப்பை அடக்கும் அபோக்வெல் மாத்திரையும், இது ஸ்டீராய்டு இல்லை என்று விளக்கித்தான் கொடுத்தார். சோஃபா உறை, அவன் படுக்கை எல்லாம் கொதிக்கிற தண்ணீரில் துவைத்தாயிற்று.

குளியல்தான் பெரும்பாடு. குழாய் சத்தம் கேட்டாலே சாமி மேடைக்குக் கீழே போய்ப் புகுந்துகொள்கிறான். பத்து நிமிடம் பிடித்து வைப்பதற்கு மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள், குளியலறைச் சுவரில் கொஞ்சம் கடலை வெண்ணெய் தடவி விடுகிறாள், அவன் அதை நக்கிக்கொண்டே நிற்கிறான். நான்காவது குளியல் நேற்று. மூன்றாம் நாள் பிசுக்கு வரவில்லை. கழுத்தடித் தோல் இன்னும் கறுப்புத்தான், ஆனால் மடிப்பு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது.

மூன்றுநாய்_வீடு | ஞாயிறு, இரவு 7.20

கடலை வெண்ணெய் டப்பாவில் சைலிட்டால் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள் தம்பி. சர்க்கரை இல்லாதது என்று விற்கிற சிலவற்றில் போடுகிறார்கள், நாய்க்கு அது விஷம்.

யூனிட்ஏழு | ஞாயிறு, இரவு 7.34

ஓடிப் போய்ப் பார்த்தேன். கடலையும் உப்பும் மட்டும்தான். ரொம்ப நன்றி.

ஊசிக்காரி | ஞாயிறு, இரவு 8.50

மகளுக்கு என் பாராட்டு. கறுப்பு நிறம் மறைய மாதக்கணக்காகும், சில இடங்களில் மறையாமலே போகும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மூன்று வாரம் முடிந்ததும் மறுபடி டேப் ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும். ஈஸ்ட் போன பிறகும் அரிப்பு மிச்சம் இருந்தால் அப்போதுதான் ஒவ்வாமையா, சாப்பாடா என்ற விசாரணை தொடங்கும்.

மரிட்ஸ்பர்க்_அக்கா | ஞாயிறு, இரவு 9.05

நாங்கள் எட்டு வாரச் சோதனையைத் தொடங்கிவிட்டோம், கோழி இல்லை, தயிரும் இல்லை. முதலில் பில்சர்ட் மீன் டின் போடலாம் என்று நினைத்தேன், தக்காளி மிளகாய்ச் சாறில் வருகிறதே என்று விட்டுவிட்டேன். இப்போது வெறும் மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும். என் வீட்டுக்காரர் ஒளித்து ஒளித்து ரஸ்க் போடுகிறார், நேற்றுக் கையும் களவுமாகப் பிடித்தேன், முதல் நாளிலிருந்து எண்ண வேண்டியதாகிவிட்டது.

டோங்காட்_வாத்தியார் | திங்கள், காலை 6.10

எங்கள் வாசல் நாயையும் நேற்றுப் பேன் சீப்பால் வாரிப் பார்த்தேன். காகிதம் சிவந்தது. ஊசிக்காரி அம்மா, பதினைந்து கிலோ இருக்கும், எந்த அளவு மாத்திரை வாங்க வேண்டும்? சீயக்காயைப் பேத்திக்குக் கொடுத்துவிட்டேன்.

ஊசிக்காரி | திங்கள், காலை 6.25

இருக்கும் என்று சொன்னால் போதாது ஐயா, எடை போட்டுத்தான் வாங்க வேண்டும், பத்துக் கிலோவைத் தாண்டினால் அளவு மாறும். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நில்லுங்கள், அப்புறம் நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழித்துப் பார்த்து எண்ணைச் சொல்லுங்கள். முதுகு வலி இருந்தால் பேத்தியைத் தூக்கச் சொல்லுங்கள்.